உறைந்த ஆற்றுக்கு ஆடி எப்போது

கிளேசியர் என்னும் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஓர் ஐப்பசி மாத முற்பகலில். அதைச் சுமந்து வந்தவர் கொடுமுடிக் கோயிலில் பூத்தொடுக்கும் பண்டாரம். பங்குனியில் என் அண்ணனோடு கங்கோத்திரிக்குப் புறப்பட்டவர், தனியாகத் திரும்பி வந்து வாசலில் நின்றார். பாதங்கள் இரண்டிலும் துணி சுற்றி, அதன்மேல் தோலை வைத்துக் கட்டியிருந்தார். வலக்காலில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாக மடிந்து கிடந்தது.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். தீபாவளிக்காக ஊருக்கு வந்திருந்தேன். பண்ணையத்தை அண்ணன்தான் கவனித்துவந்தார். மணமாகி நெடுங்காலமாகியும் மகப்பேறு இல்லை. கங்கை பிறக்கும் இடத்திலேயே நீர் முகந்து வந்து கொடுமுடி இறைவனுக்கு ஆட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பயணம்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று அழைப்போம். நங்கை சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தார். பண்டாரத்தின் கையில் சொம்பைக் கொடுத்துவிட்டு, அவர் தோளுக்கு அப்பால் தெருவைப் பார்த்தார்.

"அவரு பின்னால வாராருங்களா? எப்பவும் நாலு வயல் பின்தங்கித்தானே வருவாரு."

அது உண்மை. அண்ணனைப் போல மெதுவாக நடப்பவரை நான் பார்த்ததில்லை. வாய்க்கால் மடை ஒவ்வொன்றிலும் நின்று, மஞ்சள் பாத்தி ஒவ்வொன்றிலும் குனிந்து, எதிர்ப்படும் எருமையை விசாரித்துத்தான் வீடு சேர்வார்.

பண்டாரம் தண்ணீரைக் குடிக்கவில்லை. "வல்லீங்க அம்மணி," என்றார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். "கங்கை ஒரு குகை வாயிலிருந்து வருதுங்க. அங்க செம்புல தண்ணி மோந்துட்டோம். அதோட திரும்பியிருக்கோணும். மேல ஏறி சாமி இருக்கற மலையைப் பாத்துட்டுப் போலாம்னாரு. மேல தரையெல்லாம் வெள்ளையா பாறையாட்டம் கெட்டியா இருந்துச்சுங்க. ஒரு பகல் நடந்தோம். அடியில எங்கியோ தண்ணி ஓடற சத்தம் கேட்டுட்டே வந்துது. நான் முன்னால போய்ட்டேனுங்க. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். தரையில ஒரு வெடிப்பு. உள்ளுக்குள்ள பாத்தா ஊதா நெறம், அடி தெரியல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் பதில் வந்துதுங்க. அப்பறம் வல்லீங்க."

"என்ன சொன்னாரு?" என்று நங்கை கேட்டார்.

பண்டாரம் தம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குளுருதுன்னாருங்க."

கீழே வந்தபின் மலை அதிகாரியான ஒரு வெள்ளைக்காரர் இவரை விசாரித்திருக்கிறார். விழுந்த இடம் என்ன இடம் என்று இவர் அவரைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். கிளேசியர் என்று சொன்னாராம். "ஊருல கேப்பாங்களேன்னு, மறந்துரக் கூடாதுன்னு, ஆஸ்பத்திரியில வெரலை எடுக்கறப்பக்கூட அதையேதானுங்க சொல்லிட்டிருந்தேன்," என்றார் பண்டாரம்.

அன்று மாலையே உறவினர் கூடினர். பெரியப்பா நடுவில் அமர்ந்தார். தந்தையை இழந்த எங்களுக்கு அவர் வைத்ததுதான் முறை. நங்கை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கதவின் கீழே அவருடைய மஞ்சள் பூசிய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

காவிரிக்கரையில் வாழும் எங்கள் உறவின்முறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றோடு போனவருக்கு, ஆறு உடலைத் திருப்பித் தரும்வரை கருமாதி கிடையாது. மனைவியின் தாலியை வாங்குவதும் கிடையாது. அடுத்த ஆடிப்பெருக்கு வரை பொறுத்திருப்பார்கள். புதுவெள்ளம் வந்தால் மடுவின் அடியில் சிக்கிக் கிடப்பதும் எங்காவது கரை சேரும் என்பது நம்பிக்கை. ஆடிப் பதினெட்டும் கழிந்து உடல் வராவிட்டால், தருப்பையால் ஓர் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். ஆற்றைத் தவிர வேறு எங்கே இறந்தாலும் இந்தத் தவணை இல்லை. மலையில் விழுந்தவருக்குச் சேதி வந்த நாளே சாவு நாள். மனைவி அன்றே வெள்ளை உடுத்தியாக வேண்டும்.

"ஏம்ப்பா, பாறைங்கறே. அடியில தண்ணிச் சத்தம்ங்கறே. அது ஆறா, மலையா? ஒண்ணைச் சொல்லு," என்றார் பெரியப்பா.

"தெரியலீங்க. அந்தத் தொரைக்குத்தான் தெரியும்," என்றார் பண்டாரம்.

"அப்ப தொரையவே வரச் சொல்லுங்க. பந்தியில ஒரு எலை சேத்திப் போட்டுரலாம்," என்றார் உறவினர் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ இங்கிலீசு படிச்சவன். கோயமுத்தூருல தெரிஞ்சவங்க இல்லாமயா போயிருவாங்க? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நல்லாக் கேட்டுட்டு வா. ஆறுன்னா ஆடி வரைக்கும் பொறுக்கலாம். இல்லீன்னா கார்த்திகை பொறக்கறக்குள்ள முடிச்சுப்போடலாம்."

நங்கையின் நெற்றிப் பொட்டும் கழுத்துச் சரடும் ஓர் அயல்மொழிச் சொல்லின் பொருளில் தொங்கிக்கொண்டிருந்தன. இரயிலில் அமர்ந்தபடி அந்தச் சொல்லையும், நான் பிள்ளைப்பருவம் முதல் ஓதிவரும் பதிகங்களையும் மாறி மாறி நினைத்துக்கொண்டே போனேன். இறைவன் பனிமலையில் வீற்றிருக்கிறான் என்று எத்தனை காலையில் உருகிப் பாடியிருப்பேன். பனி என்றால் எனக்கு மார்கழியில் சோளத்தட்டின் நுனியில் நிற்கும் துளி, அவ்வளவுதான். அவன் வீட்டு வாசலில் தரை வெடிக்கும் என்றும், விழுந்தவன் குரல் கொஞ்ச நேரந்தான் கேட்கும் என்றும் எந்தப் பாட்டும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அல்லது சொல்லியிருந்தும் என் காதில் ஏறவில்லை.

ஆலையின் தலைமைக் குமாஸ்தாவிடம் தடித்த அகராதி ஒன்று இருந்தது. அதில் அந்தச் சொல்லுக்கு நேரே பனிக்கட்டியாலான ஆறு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. தலைமைக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஐஸ்ல ஆறாங்க? ஸ்டேசன் பக்கம் ஐஸ் பேக்டரிக்காரன் கட்டை கட்டையா அறுத்து விக்கறான். அது எங்க ஓடுது? ஓடுனா அவன் பொழப்பு என்னாகறது?"

அவர் கேட்டது சரிதான். பெரியப்பாவும் இதையேதான் கேட்பார். ஓடாத ஒன்றை ஆறு என்று எப்படி ஒப்புக்கொள்வார்? நான் சிரிக்காமல் நின்றதைக் கண்டு, காரணம் கேட்டு அறிந்தபின் தலைமைக் குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "மாதா கோயில்ல ஒரு பிரெஞ்சு சாமியார் இருக்காருங்க. பனிமலைப் பக்கத்து ஆளாம். நம்ம வெயிலு தாங்காம ஐஸ் வாங்கி மண்டையில வெச்சுக்கறாராம். அவரைப் போய்ப் பாருங்க."

நெற்றி நிறையத் திருநீற்றோடு அந்த வளாகத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. சாமியாருக்கு என் வயதுதான் இருக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல வெளுத்திருந்தார். கிராமங்களில் பல ஆண்டுகள் சுற்றியதால் அவர் பேசிய தமிழ் எங்கள் தமிழாகவே இருந்தது.

"வாங்க, உக்காருங்க. திருநீறு பூசிட்டு இந்த வாசல்ல வாரவங்க, ஒண்ணு நெலத்தகராறு, இல்லீன்னா இங்கிலீசு மனு. உங்களுக்கு எதுங்க?"

"ஒரே ஒரு வார்த்தைங்க சாமி," என்று சொல்லி, அந்தச் சொல்லை உச்சரித்தேன்.

அவர் முகத்திலிருந்த விளையாட்டு மறைந்தது. "இங்க இந்த வார்த்தையை ஆருங்க உங்களுக்குச் சொன்னாங்க?"

நான் சொன்னேன். பண்டாரம், வெடிப்பு, ஊதா நிறம், கொஞ்ச நேரம் கேட்ட குரல், ஆடிப்பெருக்கு, நங்கையின் தாலி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"இது இங்கிலீசு வார்த்தையே இல்லீங்க. எங்க மலைச்சனங்க வார்த்தை. இங்கிலீசுக்காரங்க எங்க ஊருக்கு வேடிக்கை பாக்க வந்தாங்க. மலையை எடுத்துட்டுப் போக முடியல, வார்த்தையை எடுத்துட்டுப் போய்ட்டாங்க. எங்க பேச்சுல பனிக்கட்டிக்கு கிலாஸ்னு பேருங்க. அதுலயிருந்து வந்துது. அதுக்கும் மூலம் நான் பூசையில சொல்ற லத்தீன்ல இருக்குது. அங்கயும் பனிக்கட்டிங்கற அர்த்தந்தான்."

"ஆறுங்கற அர்த்தம் வராதுங்களா?"

"பேருக்குள்ள இல்லீங்க. வேருல தோண்டிப் பாத்தாலும் வெறும் பனிக்கட்டிதான்."

என் கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஆனா அது ஓடுமுங்க," என்றார். "நின்னு பாத்தா கண்ணுக்குத் தெரியாது. எங்க ஊருல பெரியவங்க அதுமேல குறுக்கா, ஒரே வரிசையாக் கல்லு வெச்சுட்டு வருவாங்க. அடுத்த வருசம் போனா வரிசை வளைஞ்சிருக்கும். நடுக்கல்லு கீழ வந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாண். சில எடத்துல அதுவும் இல்லை. கீழ்முனைக்கு வந்ததும் உருகி, நெசமான ஆறாப் போயிரும்."

"விழுந்தவங்களைத் திருப்பிக் குடுக்குங்களா?"

அவர் எழுந்து சன்னலை இன்னும் அகலத் திறந்தார். வெளியே வேப்பமரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"குடுக்கும். எங்க ஊருல குடுத்திருக்குது. ஒருத்தரு விழுந்தப்ப அவரு மகன் தொட்டில்ல கெடந்தான். அவரு கீழ வந்து சேர்ந்தப்ப மகனுக்கு நரை. மகன்தான் அப்பனைத் தூக்குனான். அப்பனுக்கு ஒரு முடி நரைக்கலீங்க."

புறப்படும்போது, "உங்க அண்ணனுக்காக நான் வேண்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டிக்குங்க சாமி. நாங்களும் வேண்டிக்கறோம். எது போய்ச் சேருதோ சேரட்டும்," என்றேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வரும் என்று நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் பனிக்கட்டி ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்காத பொருளைப் பற்றி வழக்குப் பேசி ஒருத்தியின் கழுத்தைத் தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உமியில் புதைத்து, சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். ஈரோட்டில் வண்டி மாறும்போதே என் வேட்டி முழுவதும் நனைந்திருந்தது. கொடுமுடியில் இறங்கி வீட்டில் வைத்து அவிழ்த்தபோது, ஈர உமிக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது.

நங்கை அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் சாமியார் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தொட்டில் பிள்ளையின் நரையையும் சொன்னேன். சொல்லும்போது அவர் கை சிவந்து வந்தது.

"போதும், கீழ போட்டுருங்க நங்கை."

"சுடுதுங்க தம்பி," என்றார். "குளுருதுன்னு சொன்னாருன்னு நெனச்சிட்டிருந்தேன். இது சுடுது." துண்டு முழுவதும் கரைந்து முழங்கை வழியாகச் சொட்டி முடியும்வரை அவர் கையை விரிக்கவில்லை.

மறுபடியும் உறவினர் கூடினர். ஓடுகிறது, கொடுக்கிறது என்ற இரண்டையும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "ஓடுதுன்னா ஆறுதான். ஆடி வரைக்கும் பொறுப்போம்." அது வந்து சேர ஒரு தலைமுறை ஆகலாம் என்று நான் மீண்டும் சொன்னேன். "அது அந்த ஊருக் கணக்கு. நம்ம வழக்கத்துல ஆடிதான்," என்று முடித்தார்.

அந்தத் தை, மாசி, பங்குனி மாதங்களை நான் மறப்பதற்கில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊருக்கு வந்து பார்த்தேன். நங்கை பூவும் பொட்டுமாகவே இருந்தார். ஆனால் குங்குமம் கொடுக்க அவர் கை நீண்டால், வந்த பெண்கள் வேறு வேலை இருப்பது போல எழுந்துகொண்டார்கள். கல்யாண வீடுகளிலிருந்து அழைப்பு எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாவு வீட்டில் அழவும் அவரைக் கூப்பிடவில்லை. அண்ணன் போட்டுவிட்டுப் போன மஞ்சளை ஆள்வைத்து வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு அவரே ஏற்றி அனுப்பினார். முற்றம் முழுதும் மஞ்சள் காயும் நாளில்கூட அந்த வீட்டில் மங்கலம் என்ற ஒன்று இல்லாதிருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. மேட்டூரில் அணை கட்டிய பிறகு எங்கள் ஆறு முன்போலத் தானாகப் பொங்கி வருவதில்லை. அந்த ஆண்டு தண்ணீர் திறந்திருந்தார்கள். படித்துறை நிறையப் பெண்கள். காப்பரிசியும் காதோலையும் கருகமணியும் தட்டுகளில் வைத்து ஆற்றுக்குப் படைத்துவிட்டு, பழைய தாலிச்சரட்டை மாற்றிப் புதுச்சரடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, அரசமர நிழலில் பெரியப்பா. தருப்பையோடு புரோகிதர் ஒருவர். வெள்ளைச் சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் உறவில் கணவரை இழந்த அத்தைமார் இருவர். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு நங்கையை அவர்களிடம் அழைத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு.

பொழுது சாயும்வரை நங்கை காத்திருக்கவில்லை. கையில் ஒரு தட்டோடு நேரே பெரியப்பாவிடம் வந்தார். தட்டில் புதுச்சரடு இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளம்மணி."

"ஆடி வரைக்கும் பொறுக்கோணும்னு ஏனுங்க வெச்சாங்க?"

"வெள்ளம் வந்தா அடியில கெடக்கறதைக் கொண்டாந்து போட்டுரும்னுதான்."

"எந்த ஆத்துல போனாரோ அந்த ஆத்து வெள்ளந்தானுங்களே?"

பெரியப்பா தயங்கினார். "ஆமா."

"அவரு போன ஆத்துக்கு இன்னும் ஆடி வல்லீங்களே மாமா."

அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மிகவும் களைத்த குரலில் பேசினார். "அம்மணி, அந்த ஆடி வாரப்ப நீ கெழவியாயிருப்பே. நானெல்லாம் இருக்க மாட்டேன்."

"வரட்டுங்க."

"அதுவரைக்கும் அவனுக்கு ஆரு எள்ளும் தண்ணியும் உடறது? பசியும் தாகமுமா அந்தரத்துல அலைவான். அதை நெனச்சுப் பாத்தியா?"

"அவரு குளுருதுன்னுதானுங்க சொன்னாரு. பசிக்குதுன்னு சொல்லலீங்க."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான். அந்த ஆற்றின் காலம் வேறு என்று நங்கை சொன்னபோது, மறுக்க அவர் வைத்த வழக்கத்திலேயே இடமில்லை. அத்தைமாரில் மூத்தவர், "நாங்க எத்தனை நேரம் இந்தச் சேலையைக் கட்டி அழுதுட்டிருக்கறது?" என்று முணுமுணுத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்தார். புரோகிதர் தருப்பைக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நங்கை படிகளில் இறங்கினார். அவர் இறங்க இறங்க, மற்றப் பெண்கள் தங்கள் தட்டுகளைத் தூக்கி மேற்படிக்கு நகர்ந்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. இடுப்பளவு நீரில் அவர் தனியாக நின்றார். புதுச்சரட்டைக் கட்டிவிட ஒரு சுமங்கலி கைகொடுப்பது முறை. எவரும் வரவில்லை. பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, தாமே முடிச்சிட்டுக்கொண்டார். கழற்றிய பழைய சரடு காவிரியில் மிதந்து சுழித்துக் கிழக்கே போயிற்று.

எனக்கு அன்று இருந்த துயரம் இரண்டு. ஒன்று, இனி இந்த ஊரில் நங்கைக்கு எந்தப் பந்தியிலும் இலை இல்லை. மற்றது, என் அண்ணனுக்கு நான் செய்ய வேண்டிய கடனை இனிச் செய்ய முடியாது. பனிமலையில் இருப்பவனிடம் இதை முறையிட வேண்டும் என்று கண்ணை மூடினேன். ஓதிப் பழகிய வரிகள் எல்லாம் நினைவில் இருந்தன. ஆனால் ஒன்றைத் தொடங்கவும் நா எழவில்லை. தண்ணீர் படியில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்பும் பாதையில் எங்களோடு யாரும் வரவில்லை. ஈரச் சேலையோடு நங்கை முன்னே நடந்தார். மஞ்சள் விளையும் எங்கள் கிணற்றுமேட்டுக் காட்டின் ஓரத்தில் வந்ததும் நின்று, அதன் நெடுகிலும் பார்வையை ஓட்டினார்.

"ஏனுங்க தம்பி, இந்த ஒரு வருசத்துல எவ்வளவு தூரம் வந்திருப்பாரு?"

நாளுக்கு ஒரு சாண் என்று சாமியார் சொன்னதை மனத்தில் கூட்டிப் பார்த்தேன். "இந்தக் காட்டு நீளம் வந்திருப்பாருங்க நங்கை. அதுக்கு மேல இருக்காது."

அவர் தலையசைத்தார். "அது சரியாத்தானிருக்கும்," என்றார். "இந்தக் காட்டைத் தாண்டறக்கு அவருக்கு எப்பவும் நேரமாகுமுங்க."